ரிங் கட்

சாச்சியின் போன் பழைய பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமலிருக்க இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருப்பா. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"மகன், இதுக்குள்ள போட்ட காசு எங்க போனதெண்டு ஒருக்காப் பாரு. நேத்துப் பின்னேரம்தான் இருநூறு ரூபாக்கு ரீலோட் போட்டன்."

பார்த்தேன். மீதி ஒன்றுமில்லை. அதற்குக் கீழே ஐம்பது ரூபா லோன் வேறு எடுக்கப்பட்டிருந்தது. வந்த அழைப்புகளில் முதலாவது, அதிகாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்த ஒரு மிஸ்ட் கோல். எண் 222 என்று தொடங்கியது. அதே எண்ணுக்கு சாச்சி மூன்று தரம் திரும்பி அடித்திருந்தா.

"தஹஜ்ஜத்துக்கு எழும்பின நேரம். ஒருக்காத்தான் அடிச்சிச்சி, கையில எடுக்கப் போக நிண்டுட்டு. தம்பிதானாக்கும் எண்டு நினைச்சன். நாலு நாளா அவன்ட கோல் இல்லயே. திரும்ப அடிச்சா ரிங் போற சத்தம் கேக்குது, பிறகு பாட்டு மாதிரி ஒண்டு. ஹலோ ஹலோ எண்டன், ஒருத்தரும் கதைக்கல்ல. காசு முடிஞ்சி. லோன் எடுத்துத் திரும்ப அடிச்சன்."

தம்பி என்பது சாச்சியின் இளைய மகன். ரியாத்தில் குளிரூட்டி திருத்துகிறான். நமக்கு மூன்று மணி என்றால் அங்கே பன்னிரண்டரை. வேலை விட்டு அறைக்கு வந்து சேரும் நேரம். சாச்சியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. 222 மட்டும் ரியாத் இல்லை, மொரித்தானியா. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற நாடு, முஸ்லிம் நாடு என்று சொன்னேன்.

"அப்ப நம்மட ஆக்கள்தானே" என்றா சாச்சி.

அந்த ஆக்களுக்கும் இதில் தொடர்பு இல்லை என்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

2019 மே மாதம் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் தன் நாட்டு மக்களுக்கு இதே 222ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. நள்ளிரவில் ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப ஒற்றை மணி அடித்து நிற்கும், திரும்பி எடுக்காதீர்கள் என்று. நியூயோர்க்கில் அரைத் தூக்கத்தில் எழும்பியவரும் எங்கள் ஊரான மாவடிப்பள்ளியில் தொழ எழும்பிய சாச்சியும் ஒரே தூண்டிலில் அகப்பட்டிருக்கிறார்கள். இந்த மோசடிக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஜப்பானியப் பெயர்: வன்கிரி. 'வன்' என்பது ஆங்கிலத்தின் ஒன்று. 'கிரி' என்பது ஜப்பானியத்தில் வெட்டு. ஒரு மணி அடித்து வெட்டுவது.

இதை முதன்முதல் படித்தபோது எனக்கு வியப்பை விடக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அது எங்கள் சொல். இலங்கையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோல் பேசிய சொல்: ரிங் கட். "வந்து சேந்தா ஒரு ரிங் கட் குடு." "மெசின் வயலுக்கு வந்திட்டெண்டா ரிங் கட் அடி." தமிழ்நாட்டில் மிஸ்டு கால் என்பார்கள். அதில் எடுக்காமல் விட்டவரின் குறைதான் தெரிகிறது. எங்கள் சொல்லில் வெட்டியவரின் கை தெரிகிறது. ஜப்பானிலும் இலங்கையிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே செயலுக்கு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைத் திருட்டுக்கு வைத்தார்கள், நாங்கள் சிக்கனத்துக்கு வைத்தோம்.

அந்தச் சிக்கனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் கைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தன. அதற்கு முன்னால் கல்முனையில் கொமினிக்கேஷன் கடைகள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு போன், மேலே சிவப்பு இலக்கங்கள் ஓடும் ஒரு மீற்றர். வாப்பாவோடு கதைக்கப் போன பிள்ளைகள் வாப்பாவின் குரலை விட அந்த மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கும் முன்னால் கசெற். குரலைப் பதிந்து ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீடே கூடியிருந்து கேட்கும், அழும், மறுபக்கத்தில் பதில் பதியும். பதில் போய்ச்சேர மூன்று மாதம். அந்த வரிசையில் வந்தது கைபேசி. ஆரம்பத்தில் வருகிற கோலுக்கும் காசு வெட்டினார்கள். எடுத்தால் காசு, அடித்தாலும் காசு. எடுக்காமல், கதைக்காமல் செய்தி சொல்ல ஒரு வழியைத்தான் சனம் கண்டுபிடித்தது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் நீ எடு. மூன்று என்றால் என்ன என்பது அந்தந்த வயதுக்காரருக்குத் தெரியும்.

இது நம் கண்டுபிடிப்பு மட்டுமல்ல என்று பிறகு படித்தேன். ருவாண்டாவில் இதை 'பீப்' என்பார்களாம். ஜொனதன் டொனர் என்ற ஆய்வாளர் அங்கே போய் இருந்து கவனித்து, 2007ல் பீப் அடிப்பதன் விதிகளை ஒரு கட்டுரையாகவே எழுதினார். அவர் கண்ட விதிகளில் ஒன்று: காசு உள்ளவர்தான் திரும்பி எடுக்க வேண்டும். இதற்கு மாவடிப்பள்ளியில் ஆய்வாளர் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்கு ரிங் கட் அடித்தால் அவனை ஊரே பழிக்கும். இந்தியாவில் இதை வைத்து வியாபாரமே நடத்தினார்கள். பெங்களூரின் சிப்டயல் என்ற நிறுவனம் மிஸ்டு காலை விளம்பரத் தொழிலாக்கி, 2015ல் ட்விட்டருக்கு விலைபோனது.

ஆக, ஒற்றை மணி என்பது ஏழையின் கையில் இருந்த இலவசத் தபால். இலவசமானதற்குக் காரணம் ஒன்றுதான்: எடுக்காத கோலுக்குக் கம்பனி காசு எடுப்பதில்லை. அதே ஓட்டையால்தான் கள்ளனும் வந்தான். அவன் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான எண்களுக்குக் கணினியால் ஒற்றை மணி அடித்து வெட்டுகிறான். அவனுக்கு அநேகமாகச் செலவு இல்லை. நூறில் ஒருவர் திரும்பி எடுத்தால் போதும்.

எங்கள் பக்கம் கோபுரங்கள் எழுந்த அதே 2002ல் ஒசாகாப் பகுதியில் இந்த ஒற்றை மணிகள் குவிந்து தொலைபேசிச் சேவையே தடுமாறியது. திரும்பி எடுத்தவர்களுக்கு வயதுவந்தோருக்கான ஏதோ ஒரு பதிவுக்குரல் கேட்கும், பின்னால் பில் வரும். அந்த ஆண்டே ஜப்பான் சட்டத்தைத் திருத்தி இதைக் குற்றமாக்கியது. உள்ளூரில் அடைத்த வாசல் பிறகு உலகத்துக்குத் திறந்தது.

காசு போகும் வழி இப்படி. இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு கோல் எடுத்தால் நம்மிடம் வெட்டப்படும் காசில் ஒரு பங்கு நம் கம்பனிக்கு. மிச்சம் கோலைச் சுமந்துபோகும் இடைக் கம்பனிகளுக்கும், கடைசியில் அந்த நாட்டில் அதை இறக்கிவிடும் கம்பனிக்கும். இறக்குகூலி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் போகும் கோல்கள் கோடிக்கணக்கில். போட்டியும் உண்டு, ஆகவே கூலி மலிவு. சிறு தீவுகளும் ஏழை நாடுகளும் வந்து இறங்கும் கொஞ்சக் கோலுக்குக் கூடிய கூலி வைத்திருக்கும். அது அவர்களுக்கு அந்நியச் செலாவணி. அப்படிப்பட்ட நாடுகளின் எண்களைக் கட்டுக்கட்டாக வாடகைக்கு எடுத்து, 'உன் எண்ணுக்கு எத்தனை நிமிடம் கோல் வருகிறதோ அத்தனைக்குப் பங்கு' என்று விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். பல நேரம் கோல் அந்த நாட்டு மண்ணை மிதிப்பதே இல்லை. இடைவழியில் ஒரு கணினி அதைப் பிடித்து, மணி அடிக்கும் சத்தத்தையும் பாட்டையும் போட்டுக்காட்டி நிமிடத்தை இழுக்கும். சாச்சி 'ஹலோ' சொன்னது மொரித்தானியாவுக்குக் கேட்டிருக்காது. அந்த ஹலோவின் நீளம்தான் அவர்களின் வருமானம்.

சாச்சி ஏன் அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை என்று இளையவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு காலம் இருந்தது. வளைகுடாவில் மலிவு அட்டை வாங்கி எடுக்கும் கோல்கள் நேர்வழியில் வராது. இணையத்தில் ஏறி, கொழும்பில் ஏதோ ஓர் அறையில் வரிசையாகச் சிம் செருகிய பெட்டிக்குள் இறங்கி, உள்ளூர் எண்ணாக வந்து அடிக்கும். ஜித்தாவிலிருந்து மகன் கதைப்பான், திரையில் கொழும்புக்காரன் ஒருவனின் எண் தெரியும். சில நாள் கேள்விப்படாத நாட்டு எண் தெரியும், சில நாள் எண்ணே தெரியாது. எண்ணைப் பார்க்காதே, குரலைக் கேள் என்று பத்துப் பதினைந்து வருடம் எங்கள் உம்மாமாரைப் பழக்கியது அந்த மலிவு வழிதான். இப்போது திடீரென்று எண்ணைப் பார், குரலை நம்பாதே என்கிறோம்.

சரி, பார்க்கட்டும். எதைப் பார்ப்பது? 966 சவூதி. 960 மாலைதீவு. 967 யேமன், 968 ஓமான், 962 ஜோர்தான், 963 சிரியா. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நாடு மாறிவிடுகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படிக்கும் ஒருவருக்கு, இரவு மூன்று மணிக்கு, அந்தச் சின்னத் திரையில்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. எங்களில் ஸலாம் சொல்வது ஸுன்னத்து, பதில் சொல்வது வாஜிப். முதலாவதை விட்டால் பரவாயில்லை, இரண்டாவதை விட முடியாது. சாச்சியின் தலைமுறைக்குத் தவறிய கோலும் அப்படித்தான். ஒருவர் தேடியிருக்கிறார், பதில் கொடுக்காமல் படுப்பது எப்படி? கள்ளன் திருடியது பேராசையை அல்ல. லொத்தர் விழுந்திருக்கிறது என்று வரும் கோலில் விழுகிறவரிடம் கொஞ்சம் ஆசை இருக்கும். வங்கியிலிருந்து கதைக்கிறோம், உங்களுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்பதில் விழுகிறவரிடம் கொஞ்சம் பயம் இருக்கும். ஒற்றை மணியில் விழுகிறவரிடம் இருப்பது வெறும் மரியாதை.

சாச்சிக்கு நடந்தது குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் அங்கே ஒரு பழைய எச்சரிக்கை மீண்டும் உயிர்த்தது. இத்தனை எண்களிலிருந்து கோல் வரும். திரும்பி எடுத்தால் மூன்று விநாடியில் உங்கள் தொடர்பு எண்களையும் வங்கி விவரத்தையும் எடுத்துவிடுவார்கள். #90 அல்லது #09 அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், எல்லோருக்கும் பகிருங்கள். இது அரைவேக்காடு. திரும்பி எடுப்பதால் போனிலுள்ள விவரம் எதுவும் களவு போகாது, காசு மட்டும்தான் போகும். 90 கதை 1998ல் அமெரிக்காவில் சுற்றியது. வெளியே அடிக்க முதலில் 9ஐ அழுத்த வேண்டிய அலுவலகத் தொலைபேசிகளில் சிலவற்றுக்கு மட்டும் பொருந்திய ஓர் உண்மை அது. நம் கைபேசிக்கு அது பொருந்தாது. பொய்ப் பயத்தைப் பரப்புகிறவர் நன்மை செய்வதாகவே நினைக்கிறார். ஆனால் வங்கிக் கணக்கே இல்லாத சாச்சி அதைக் கேட்டுவிட்டு, "எனக்கிட்ட எடுக்க என்ன இரிக்கி" என்று நிம்மதியாகிவிட்டா. உண்மையான ஆபத்து இருநூறு ரூபா ரீலோட் என்பது அந்த நீண்ட செய்தியில் எங்குமே இல்லை.

நான் மட்டும் கவனமான ஆள். தெரியாத வெளிநாட்டு எண்ணுக்குத் திரும்பி எடுப்பதில்லை என்று பல வருடமாகவே கொள்கை. அந்தக் கொள்கையின் விலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

2024 நவம்பர் 26. காரைதீவுக்கும் எங்கள் ஊருக்கும் இடையிலான வீதியை மாரி வெள்ளம் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் வயல். வெள்ளம் வந்தால் எது வயல், எது வீதி என்று தெரியாது. நிந்தவூரில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அன்று மாவடிப்பள்ளியில் நீரோட்டத்தில் அடிபட்டுக் கவிழ்ந்தது. பிள்ளைகளைத் தேடிய நாட்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த இரவு ஊரில் கரண்ட் இல்லை, டேட்டா இல்லை. ஆனால் செய்தி மட்டும் எங்களுக்கு முன்னால் கடல் கடந்து போய்விட்டது.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு என் போன் ஒரு தரம் அடித்து நின்றது. 973. சற்று நேரத்தில் மறுபடியும். பிறகு மறுபடியும். 973 பஹ்ரைன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. ஊரே கலங்கிக் கிடக்கும் நேரம் பார்த்துக் கள்ளன் வருகிறானே என்று மனதுக்குள் ஏசிவிட்டு, போனின் வாயை அடைத்து வைத்தேன்.

அது என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன். அல் கோபாரில் லொறி ஓட்டுகிறான். கடல்பாலம் கடந்து பஹ்ரைனுக்குச் சரக்கு கொண்டுபோன இடத்தில் அவனுடைய போன் வேலை செய்யவில்லை. யாரோ ஓர் அந்நியரின் போனை இரந்து வாங்கியிருக்கிறான். அடுத்தவர் காசில் கதைக்கக் கூச்சம். ஆகவே ரிங் கட். அவனுடைய மகன் வேறோர் ஊர் மத்ரசாவில் ஓதுகிறான். அன்று வீட்டுக்கு வருவதாக இருந்தவன், மழையால் புறப்படவே இல்லை. அதை நான் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சுபஹுக்குப் பிறகுதான் வேறு யாரோ சொல்லி அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ரிங் கட் அடிச்சா நீ எடுப்பாய் எண்டுதான் மச்சான் நான் நினைச்ச" என்றான் பிறகொரு நாள். கோபமில்லை. அதனால்தான் மறக்க முடியவில்லை.

சாச்சியின் இருநூறும் லோன் ஐம்பதும் பெரிய காசல்ல. இந்த மோசடி பிழைப்பதே அது பெரிய காசல்ல என்பதால்தான். ஒருவரிடம் இரண்டு லட்சம் எடுத்தால் பொலிசுக்குப் போவார், ஆயிரம் பேரிடம் இருநூறு எடுத்தால் ஆயிரம் பேரும் தங்களைத் தாங்களே ஏசிக்கொள்வார்கள். நான் சாச்சிக்காகக் கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அடித்தேன். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு பிள்ளை மிகப் பணிவாகச் சொன்னது: "அழைப்பை நீங்கள்தான் ஏற்படுத்தியிருக்கிறீர்கள் சேர்." உண்மைதான். அந்தக் கோலுக்கு வெட்டிய காசில் கம்பனிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும் உண்மைதான். நள்ளிரவில் ஓர் அந்நிய எண் ஒரு விநாடி நீளத்தில் ஆயிரக்கணக்கான கோல் அடிப்பது சாச்சியின் திரையில் தெரியாது. கம்பனியின் பொறியில் தெரியும். அதைத் தடுக்கிற வேலை அறுபது தாண்டிய ஒரு பெண்ணின் கண்ணாடிக்கு உரியதல்ல. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கொழும்பில் இருக்கிறது. இருநூற்றைம்பது ரூபாவுக்காக அங்கே யார் போவார்கள்? போகிறவரின் பஸ் காசே அதைவிடக் கூட. முறைப்பாடு வராததால் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே நாமே செய்ய வேண்டியிருக்கிறது. சாச்சி வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வேண்டிய தேவையே இல்லை, எடுக்க வேண்டியவன் தம்பி. ஆகவே சாச்சியின் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கோலைப் பூட்டச் சொன்னேன்; கேட்டதும் பூட்டினார்கள், வருகிற கோலுக்கு ஒன்றும் ஆகாது. யாரும் கேட்காமல் ஏன் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை நான் கேட்கவில்லை. தம்பியின் எண்ணை 966ஓடு சேர்த்துப் பெயர் போட்டுப் பதிந்தேன். பெயர் வந்தால் தம்பி. எண் மட்டும் வந்தால், திரும்ப அடிக்கும்வரை பொறுங்கள், தேடுகிறவர் மறுபடி அடிப்பார் என்று சொன்னேன். சொல்லும்போதே 973 ஞாபகம் வந்தது. அவனும் மூன்று தரம் அடித்தவன்தானே.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சாச்சி தம்பியோடு தானே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டா. அவன் வேறு யாருடைய போனிலிருந்து எடுத்தாலும் ஒரு தரம் அடித்து வெட்ட வேணும். உடனே இன்னொரு தரம் அடித்து வெட்ட வேணும். மூன்றாவது தரம் விடாமல் அடிக்க வேணும். அதற்குத்தான் தான் எடுப்பதாம். இருபது வருடத்துக்கு முன்னால் வயலில் நின்ற சாச்சப்பாவோடு பேசிவைத்திருந்த அதே கணக்கு.

நேற்று மஃரிபு தொழுதுவிட்டு முற்றத்தில் இருந்தோம். அறுவடை முடிந்த வயலுக்குள் யானை இறங்கியிருக்கிறது என்று சனம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தது. சாச்சியின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. சாச்சி அசையவில்லை. இரண்டாவது தரமும் நின்றது. மூன்றாவது தரம் அடித்தபோது இறப்பர் பட்டியைச் சரிசெய்துகொண்டு எடுத்தா.

"சொல்லு மகன்" என்றா.